கூதிர்க் காலமும் குடும்ப நலமும்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றும், மார்கழியையும் தையையும் முன்பனி என்றும் வழங்கினர். இந்நான்கு திங்களும் நம் இல்லங்களில் எவ்வாறு கழிகின்றன என்பதை அறியச் சங்கப் பனுவல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. வைகறைத் தொழுகைக்கு எழும் பெரியவரின் இருமலும், மூக்கை உறிஞ்சியவாறு பள்ளிக்குக் கிளம்பும் சிறுவனின் சிணுங்கலும், அடுப்பங்கரையில் கொதிக்கும் சுக்கின் மணமும் பருவம் மாறிற்று என்பதை நமக்கு அறிவித்துவிடுகின்றன. வகுப்பறையிலும் பாடம் நடத்துவோரின் குரலைத் தும்மல்கள் இடைமறிக்கின்றன.

ஆயினும், நக்கீரர் பாடிய நெடுநல்வாடையை ஈண்டு நினைவுகூராமல் மேற்செல்ல நமக்கு மனம் வரவில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய அந்நூல் கூதிர்க் காலத்து ஊரைக் கண்முன் நிறுத்தும் திறம் வியக்கத்தக்கது. வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டு நிலம் புகுந்த ஆயர், கையில் கொள்ளி ஏந்தியும் கன்னம் நடுங்க நிற்கின்றனர். நகரத்து மாளிகைகளில் வேனிற்காலத்துக்கென அமைந்த விசிறிகள் சுருக்கித் தொங்கவிடப்பட்டிருக்க, அவற்றின்மீது சிலந்தி நூல் இழைத்திருக்கிறது. சாளரங்கள் அடைபடுகின்றன, கதவுகள் தாழிடப்படுகின்றன. குவிந்த வாயுடைய கலத்தில் உள்ள குளிர்ந்த நீரை எவரும் பருகுவதில்லை. அகன்ற வாயுடைய தடவில் எரியும் நெருப்பையே அனைவரும் நாடுகின்றனர்.

அடைத்த சாளரம், தாழிட்ட கதவு, ஒரே கணப்பைச் சூழ்ந்த பலர். குளிர்காலத்தில் நோய் ஏன் பரவுகிறது என்பதை விளக்கப் புகும் இன்றைய மருத்துவர்கள் முதலில் சுட்டுவதும் இவற்றையே. நக்கீரர் கிருமியை அறிந்திருந்தார் என்று வாதிட நாம் வரவில்லை. அத்தகைய வாதங்களை மலர்க் கட்டுரைகளில் வேண்டிய அளவு படித்தாயிற்று. குளிர் வந்தால் மனிதர் எவ்வாறு ஒடுங்குவர், எவ்வாறு நெருங்குவர் என்பதை அப்புலவர் உற்றுநோக்கினார், அவ்வளவே. அந்த ஒடுக்கமும் நெருக்கமுமே நோய்க்கு வழிவிடுகின்றன என்பதும், குடும்ப நலம் பேணுவார் குளிரைக் காட்டிலும் அவற்றின்மீதே கண் வைக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

குளிரா, நெருக்கமா?

ஜலதோஷம் என்னும் வடசொல்லுக்கு நீரால் விளைந்த கேடு என்பது பொருள். நீர்க்கோவை என்னும் தமிழ்ச் சொல்லும் நீரையே சுட்டுகிறது. தென் மாவட்டங்களில் தடுமம், தடுமன் என்பர். இன்ஃபுளுவென்சா என்பது இத்தாலியச் சொல்; செல்வாக்கு என்பது அதன் நேர்ப்பொருள். விண்மீன்களின் செல்வாக்கால் நோய் வருகிறது என்று நம்பிய காலத்தில் பிறந்தது அது. ஆக, ஒரு மொழி நீரின்மீதும் மற்றொரு மொழி விண்ணின்மீதும் பழி போட்டிருக்கின்றன. மழையில் நனைந்து வந்த பிள்ளையைத் தாய் கடிந்துகொள்வதன் பின்னணியில் இந்தச் சொல் வரலாறும் இருக்கிறது.

உண்மையில் இந்நோய்களைத் தருவன வைரஸ்கள். ஜலதோஷத்தை உண்டாக்குவன ஒன்றிரண்டு அல்ல. அவற்றுள் தலைமையான ரைனோவைரஸில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒரு வகைக்கு எதிர்ப்பாற்றல் பெற்றவரை மற்றொரு வகை பற்றுவதாலேயே ஆண்டுதோறும் நமக்குத் தடுமம் பிடிக்கிறது. இன்ஃபுளுவென்சா வைரஸ் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதனை மனிதரிடமிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தவர்கள் இலண்டனில் பணியாற்றிய வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவர், ஆண்டு 1933.

குளிர் மட்டுமே நோய் தருமாயின், உலகில் மிகக் குளிர்ந்த ஊர்களில் வாழ்வோர் ஓயாது தும்மிக்கொண்டிருக்க வேண்டும். வடதுருவத்தை அடுத்த ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் 1930-31 குளிர்காலத்தில் நிகழ்ந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தந்தது. கடல் உறைந்து கப்பல் வரத்து நின்ற மாதங்களில் அத்தீவின் சுரங்க நகரில் ஜலதோஷம் மிக அரிதாக இருந்தது. பனி விலகி, முதற்கப்பல் கரையடைந்த சில நாள்களுக்குள் ஊரெங்கும் அது பரவியது. குளிர் அங்கே மாதக்கணக்கில் இருந்தது; நோயைக் கொணர்ந்தது கப்பல்.

கப்பல் என்றதும் நம் கடற்கரை ஊர்ப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சபர் போய்வந்த குடும்பங்கள் நம்மிடையே பல. 1957-ஆம் ஆண்டு ஆசியக் காய்ச்சல் எனப்பட்ட இன்ஃபுளுவென்சா இந்தியாவில் நுழைந்த வாயில்களுள் நம் சென்னைத் துறைமுகமும் ஒன்று. மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில் அது வந்தது. அதற்கு முன்னர் 1918-இல் பம்பாய் வழியாகப் புகுந்த இன்ஃபுளுவென்சா இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2009-இல் பன்றிக் காய்ச்சல் என்று பெயர் பெற்று வந்தது வானூர்தி ஏறி வந்தது. அவ்வைரஸ் வகை இன்று ஆண்டுதோறும் தலைகாட்டும் பருவக் காய்ச்சல்களுள் ஒன்றாகக் கலந்துவிட்டது.

நம் நாட்டில் இந்நோய் பெருகும் காலமும் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. காஷ்மீரத்துச் சீநகரில் கடுங்குளிர் மாதங்களில் பெருகுகிறது. தில்லி, புனே, கொல்கத்தா ஆகிய நகரங்களில் தென்மேற்குப் பருவமழையோடு சேர்ந்து ஏறுகிறது. சென்னை, வேலூர்ப் பகுதிகளிலோ வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் உச்சம் அடைகிறது. நமக்கு மார்கழிப் பனியைவிட ஐப்பசி மழையே எச்சரிக்கை மணியாகும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுதல் நேர்மை. குளிர் முற்றிலும் குற்றமற்றது என்றும் கூறுவதற்கில்லை. நாசியின் உட்புறம் குளிரும்போது அதன் காப்பாற்றல் ஓரளவு தளர்கிறது என ஆய்வாளர் சிலர் காட்டியுள்ளனர். எனவே நனைந்த பிள்ளையின் தலையைத் துவட்டும் தாயை நாம் கேலி செய்யவில்லை. துவட்டிய அதே துவாலையால் மூக்கு ஒழுகும் தம்பியின் முகத்தையும் துடைக்கும்போதுதான் நாம் குறுக்கிட வேண்டியிருக்கிறது.

இரண்டும் ஒன்றல்ல

ஜலதோஷம் மெல்ல வரும். தொண்டை கரகரக்கும், மூக்கு ஒழுகும், தும்மல் வரும், ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். இன்ஃபுளுவென்சாவோ திடுமென வீழ்த்தும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் கடுங்காய்ச்சலும் உடல்வலியும் தலைவலியும் வறட்டிருமலுமாகப் படுத்துவிடுவார். கிருமி தொற்றிய நாளிலிருந்து 1 முதல் 4 நாள்களுக்குள் நோய் வெளிப்படும். வெளிப்படுவதற்கு ஒரு நாள் முன்னரே பிறருக்குத் தொற்றத் தொடங்கி, பின்னரும் 5 முதல் 7 நாள்கள் வரை தொற்றிக்கொண்டே இருக்கும். சிறு குழந்தைகளிடம் இக்காலம் இன்னும் நீளும். காய்ச்சல் விட்டதும் நோய் விட்டது என்று எண்ணிப் பிள்ளையைக் கூட்டத்தில் விடுவது பிழை என்பதை இதனால் உணரலாம்.

இல்லத்தினுள் நோய் நடக்கும் வழி

நோயாளி இருமும்போதும் தும்மும்போதும், உரக்கப் பேசும்போதுங்கூட, கிருமி கலந்த நுண்ணிய துளிகள் வெளிப்படுகின்றன. பெரியவை அருகிலேயே விழும். மிக நுண்ணியவை காற்றோட்டமில்லாத அறையில் நெடுநேரம் மிதக்கும். கதவுப் பிடி, தம்ளர், தொலைபேசி போன்ற வழவழப்பான பொருள்களின்மேல் இன்ஃபுளுவென்சா வைரஸ் ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை உயிர்ப்புடன் இருக்கக்கூடும்; துணியில் 8 முதல் 12 மணி நேரம். அவற்றைத் தொட்ட கை மூக்குக்கோ கண்ணுக்கோ போகும்போது கிருமியும் உடன் போகிறது.

இவ்வளவும் பாடநூற் செய்தி. நம் இல்லங்களில் இது நடக்கும் விதம் வேறு. இங்கே நோய் அன்பின் வழியாகவே நடக்கிறது. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களில் ஒரு சஹனைச் சூழ்ந்தமர்ந்து பலர் உண்ணும் மரபு உண்டு. அதன் பெருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஏழையும் செல்வனும் ஒரே தட்டில் கை வைக்கும் அம்மரபு நம் சமுதாயத்தின் செல்வங்களுள் ஒன்று. எனினும் தும்மிக்கொண்டிருப்பவர் அன்றைக்கு மட்டும் தனித் தட்டில் உண்பது அம்மரபுக்கு இழுக்காகாது. தனித் தட்டு வைத்துவிட்டார்களே என அவர் மனம் நோவதும் வேண்டாம். தாமே கேட்டு வாங்கிக்கொள்வது இன்னும் நன்று. முஸாஃபஹா செய்யக் கை நீட்டுபவரிடம், தடுமம் பிடித்திருக்கிறது என்று சொல்லி ஸலாம் மட்டும் உரைப்பது மரியாதைக் குறைவன்று. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பார்க்கச் செல்லும் பெண்மக்கள் மூக்கொழுகும் நிலையில் பச்சிளங் குழந்தையை முத்தமிடலாகாது. பெரியவர்க்கு வெறும் தடுமமாக வந்துபோகும் ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸ், ஆறு மாதம் நிரம்பாத குழந்தையின் சுவாசக் குழல்களை அடைத்து மருத்துவமனைக்கு அனுப்பிவிடும்.

மார்க்க அறிஞர்கள் சொல்ல வேண்டியதைத் தமிழாசிரியர் சொல்லப் புகுவது முறையன்று என்பதை அறிவோம். ஆயினும் அவர்களிடம் கேட்டறிந்த சில செய்திகளை இங்கே தொட்டுக் காட்டலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தும்மும்போது கையாலோ ஆடையாலோ முகத்தை மூடி, ஓசையைத் தாழ்த்திக்கொள்வார்கள் என்னும் செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இடம்பெற்றுள்ளது. ஒருவர் தும்மியபோது அவருக்காக அருள் வேண்டியவர்கள், அவர் மீண்டும் தும்மவே இவருக்குத் தடுமம் பிடித்திருக்கிறது என்று கூறியதாக முஸ்லிம் நூலில் காணப்படுகிறது. வாழ்த்துக்குரிய தும்மல் வேறு, நோயின் தும்மல் வேறு என்னும் அந்த நுண்மை நம்மைக் கவர்ந்தது. நோயுற்ற ஒட்டகங்களை நலமுள்ளவற்றோடு கலக்கவிடலாகாது என்பதும், குளிரும் மழையுமான இரவில் இருப்பிடத்திலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்கச் செய்ததும் நாம் அறிந்தவையே. இருமலோடு ஜமாஅத்துக்கு வந்துதான் தீருவேன் என்று பிடிவாதம் கொள்ளும் நம் முதியோரிடம் இவற்றை எடுத்துச் சொல்ல இளைஞர்களுக்கு நா எழுவதில்லை. ஆலிம்கள் சொன்னால் கேட்பார்கள்.

நாள்தோறும் ஐவேளை ஒளுச் செய்யும் வழக்கம் இப்பருவத்தில் பெரும் பேறு. ஆனால் நீர் மட்டும் போதாது. இன்ஃபுளுவென்சா வைரஸுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சோப்பு அவ்வுறையைச் சிதைத்துவிடுகிறது. ரைனோவைரஸுக்கு அவ்வுறை இல்லை. அதனைத் தேய்த்துக் கழுவியே அகற்ற வேண்டும். மூக்கைச் சிந்திய பிறகும், நோயாளிக்குப் பணிவிடை செய்த பிறகும், சமையலுக்கு முன்னும் 20 விநாடி சோப்பிட்டுக் கழுவுதல் நலம். தடுமம் உள்ளவர் பள்ளிவாசலின் பொதுத் தடாகத்தை விட்டுக் குழாயடிக்குச் செல்வது பிறர்மேல் கொண்ட அக்கறையாகும்.

இத்தகைய எளிய நடத்தைகளுக்கு உண்மையிலேயே வலிமை உண்டா என ஐயுறுவார்க்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உள்ளது. கொரோனாவுக்கு அஞ்சி மக்கள் முகக்கவசம் அணிந்து, கை கழுவி, கூட்டம் தவிர்த்த 2020-21 காலத்தில் உலகெங்கும் இன்ஃபுளுவென்சா முன்னெப்போதும் இல்லாத அளவு அருகிப்போயிற்று. வைரஸின் ஒரு கிளை, யமகட்டா எனப்படுவது, 2020 மார்ச்சுக்குப் பின்னர் உறுதியாகக் கண்டறியப்படவே இல்லை. அம்முறைகள் அனைத்தையும் மீண்டும் மேற்கொள்ளுங்கள் என்று நாம் கூறவில்லை. அவ்வாழ்க்கை தந்த துன்பம் மறக்கத்தக்கதன்று. நோயுற்றவரும் அவரைப் பேணுபவரும் அந்த ஐந்தாறு நாள்கள் முகக்கவசம் அணிந்து, அறையின் சாளரத்தைத் திறந்து வைத்தால் போதும். பனிக்காற்று உள்ளே வருமே என்பார்க்கு: நோயாளிக்குப் போர்வை தாருங்கள், சாளரத்தை அடைக்க வேண்டா.

எம் இல்லத்தில் நிகழ்ந்தது

இதனை எழுதுவதா, விடுவதா என நெடுநாள் தயங்கினோம். எம் உம்மா எழுபது வயதைக் கடந்தவர்கள். சர்க்கரை நோய் உடையவர்கள். ஒரு கார்த்திகை மாதத்தில் எம் இளைய மகன் கடுங்காய்ச்சலோடு பள்ளியிலிருந்து வந்தான். அவன் இரவில் தன் வாப்பும்மாவின் அருகில்தான் உறங்குவான். அவனைச் சில நாள் வேறு அறையில் படுக்கவைக்குமாறு உறவினர் ஒருவர் சொன்னார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தள்ளிவைப்பதா என்று உம்மா கடிந்துகொண்டார்கள். நாமும் அதற்கு மேல் பேசவில்லை. நான்காம் நாள் மகன் தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். அன்றிரவு உம்மாவுக்கு லேசான இருமல் தொடங்கியது. காய்ச்சல் இல்லை. உணவு வேண்டா என்றார்கள். மறுநாள் முழுதும் உறங்கினார்கள். இடையில் எம்மைத் தம் மறைந்த தமையனாரின் பெயரால் அழைத்தார்கள். முதுமையின் தடுமாற்றம் என்று எண்ணி இரண்டு நாள் கழித்துவிட்டோம். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது இரு நுரையீரலிலும் நிமோனியா பரவியிருந்தது. பத்து நாள்களுக்குள் வஃபாத்தானார்கள்.

கபுரடியில் நின்ற பெரியவர்கள், அஜல் முடிந்துவிட்டது என்று ஆறுதல் கூறினார்கள். அஜலை மறுக்கும் துணிவு நமக்கு இல்லை. எனினும் அந்த இரண்டு நாள்கள் நம் கையில் இருந்தவை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்பைச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியைக் குழந்தைப் பருவத்திலேயே கற்றிருந்தோம். கற்றிருந்தும் கட்டத் தவறினோம்.

முதியவர்க்கு நோய் வரும் கோலமே வேறு என்பதை அதன் பிறகே மருத்துவர் வாயிலாக அறிந்துகொண்டோம். காய்ச்சல் என்பது உடல் கிருமியோடு நிகழ்த்தும் போரின் வெப்பம். முதுமையில் அப்போர் தளர்வதால் வெப்பம் ஏறாமலே போகலாம். உணவில் வெறுப்பு, ஓயாத உறக்கம், புதிதாகத் தோன்றும் மனக்குழப்பம், நடக்கையில் தடுமாறி விழுதல், விரைந்த மூச்சு ஆகியவையே அவர்களிடம் நோயின் அறிகுறிகள். விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழ் இறங்கினால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இதயநோயாளிகள் மேலும் விழிப்பாக இருத்தல் வேண்டும். இன்ஃபுளுவென்சா உறுதிப்பட்ட முதல் 7 நாள்களில் மாரடைப்பு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு உயர்வதாகக் கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் நிகழ்ந்து 2018-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

கைவைத்தியமும் கடைமருந்தும்

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். நல்லாதனார் தம் அறநூலுக்கு அம்மருந்தின் பெயரையே சூட்டினார். ஏலாதியும் சிறுபஞ்சமூலமும் அவ்வாறு பெயர் பெற்றவையே. மருந்தின் பெயரால் நூல் செய்த மரபினர் நாம். ஆதலால் சுக்குக் கசாயத்தின்மேல் நமக்குப் பகை இல்லை. வெந்நீரும் கசாயமும் கஞ்சியும் தொண்டைக்கு இதம் தரும். உடலில் நீர் வற்றாமல் காக்கும். ஆனால் அவை வைரஸைக் கொல்லும் எனக் கருதி மருத்துவரைத் தள்ளிப்போடுதல் தகாது.

நொச்சி இலையிட்டு வேது பிடித்தல் மூக்கடைப்புக்குச் சற்று இதமாக இருக்கும். நோயைக் குறைக்கும் என்பதற்கு வலுவான சான்றில்லை. கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோகும் விபத்துகள் உண்டாதலால் சிறுவர்க்கு வேது வேண்டா. பச்சிளங் குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ கற்பூரம் கலந்த தைலம் பூசுவதும், தலைக்கு ஊற்றிய பின் அறை முழுதும் சாம்பிராணிப் புகை நிறைப்பதும் அதன் மூச்சுக்குக் கேடு. தேனில் மனிதர்க்கு நிவாரணம் உண்டென்பதைத் திருக்குர்ஆனின் நஹ்ல் அத்தியாயம் கூறுகிறது. ஓராண்டு நிரம்பிய குழந்தைகளின் இருமலைத் தேன் தணிப்பதை ஆய்வுகளும் கண்டுள்ளன. ஆனால் ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்து, முதிராத குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பிள்ளை பிறந்த வீட்டில் தேன் கிண்ணத்தோடு நிற்கும் பாட்டிமார் இதனை மனங்கொள்வார்களாக.

கடைமருந்துகளைப் பற்றிச் சொல்லவே அச்சமாக இருக்கிறது. மருந்துக்கடையில் காய்ச்சல் என்று சொன்னதும் கைநிறைய மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தருகின்றனர். அவற்றுள் ஆண்டிபயாட்டிக் ஒன்று தவறாமல் இருக்கும். ஆண்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. தேவையின்றியும் அரைகுறையாகவும் உண்ணும்போது எஞ்சிய பாக்டீரியாக்கள் அம்மருந்துக்கு அடங்காதனவாகி, பின்னர் உண்மையான நிமோனியா வரும்போது மருந்து கைவிடுகிறது. 1928-இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே இந்த ஆபத்தை எச்சரித்தார். மருத்துவர் எழுதித் தந்தாலன்றி அதனை வாங்குவதில்லை என ஒவ்வொரு குடும்பமும் முடிவு செய்தல் வேண்டும்.

இருமல் மருந்து பற்றி இன்னும் கடுமையாகவே கூற வேண்டும். 2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த சிறுகுழந்தைகள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அம்மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கலந்திருந்தது. தயாரான இடம் நம் தமிழகம். நஞ்சு கலவாத மருந்தாயினும் சிறுகுழந்தையின் சாதாரணத் தடுமத்துக்கு அதனால் பயன் மிகக் குறைவு. குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த தடும மருந்தை 4 வயதுக்குட்பட்டோருக்குத் தரலாகாது எனப் புட்டியில் அச்சிட வேண்டும் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் ஆணையிட்டது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதுமானது. அதன் அளவு வயதைவிடக் குழந்தையின் எடையைப் பொறுத்தது. தடும மாத்திரைகள் பலவற்றில் பாரசிட்டமாலும் சேர்ந்தே இருப்பதால் இரண்டையும் ஒருங்கே உண்டு அளவு மீறுவோர் பலர். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் தரவே கூடாது. வைரஸ் காய்ச்சலின்போது அது மூளையையும் ஈரலையும் தாக்கும் அரிய நோய்க்கு இடமாகிவிடும்.

மூச்சை எண்ணுதல்

எழுத்தறியாத தாயும் செய்யத்தக்க ஒரு சோதனை உண்டு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கையில் அதன் சட்டையை விலக்கி, நெஞ்சு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேலும், 2 மாதம் முதல் ஓராண்டு வரை 50-ம் மேலும், ஒன்று முதல் 5 வயது வரை 40-ம் மேலும் இருப்பின் அது விரைந்த மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் கிராமப் பணியாளர்களுக்குக் கற்பிக்கும் கணக்கு இதுவே. மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ எண்ணிக்கொண்டிராமல் உடனே புறப்பட வேண்டும். கருவுற்ற பெண்களுக்கு இன்ஃபுளுவென்சா கடுமையாக வரும் இயல்புடையது. அவர்களும், முதியோரும், சர்க்கரை, ஆஸ்துமா, இதயநோய் உடையோரும் காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் மருத்துவரைக் கண்டால், அவர் தரும் வைரஸ் எதிர்ப்பு மருந்து மிகுந்த பயன் தரும்.

தடுப்பூசி பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். இன்ஃபுளுவென்சா வைரஸ் ஆண்டுதோறும் உரு மாறுவதால் ஊசியும் ஆண்டுதோறும் மாறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் ஆண்டுக்கு இருமுறை கூடி அதன் கூறுகளைத் தீர்மானிக்கின்றனர். ஊசி போட்டவருக்கும் நோய் வரலாம். ஆனால் கடுமையும் மரணமும் குறையும். போட்டபின் காப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால் நம் பகுதியில் புரட்டாசிக்குள் போட்டுக்கொள்வது பொருத்தம். இது அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. விலை கொடுத்தே போட வேண்டியிருக்கிறது என்பது ஏழைக் குடும்பங்களுக்குக் குறைதான். அனைவருக்கும் இயலாதெனில் வீட்டின் முதியவருக்கும் கருவுற்றவருக்குமேனும் போடலாம். நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி 2021 முதல் அரசு நிலையங்களில் குழந்தைகளுக்கு இலவசமாகவே போடப்படுகிறது. ஹஜ்ஜுக்குச் செல்லும் முதியோர் பயணத்துக்கு முன் இன்ஃபுளுவென்சா ஊசி போட்டுக்கொள்வதை நம்மவர் எவரும் குறை கூறியதில்லை. மக்காவின் கூட்டத்துக்கு வேண்டிய காப்பு, மழைக்கால வீட்டின் கூட்டத்துக்கும் வேண்டியதே.

கல்லூரிக்கு ஒரு சொல். காய்ச்சல் தணிந்து, மருந்தின் துணையின்றி ஒரு நாள் முழுதும் கழியும் வரை மாணவர் வகுப்புக்கு வருதல் வேண்டா. வருகைப் பதிவு குறையுமே என்று அஞ்சிக் காய்ச்சலோடு வந்து கடைசி இருக்கையில் சாய்ந்திருப்போரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களைச் சுற்றியுள்ளோர் அடுத்த வாரம் விடுப்பு எடுப்பதையும் காண்கிறோம். விடுப்புக் கடிதத்தை ஐயத்தோடு நோக்காமல் ஏற்றுக்கொள்ள ஆசிரியர்களாகிய நாம் பழக வேண்டும். வறட்டிருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் நீடிக்கலாம். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. குணமாகிய பின்னர் மீண்டும் காய்ச்சல் ஏறினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவரைக் காண வேண்டும். விடுதியில் நால்வர் அறுவராக ஓர் அறையில் தங்கும் மாணவர்களுக்கென, ஐப்பசி முதல் தை வரை ஒவ்வொரு தளத்திலும் சாளரம் உள்ள ஓர் அறையையேனும் காலியாக வைத்திருக்குமாறு விடுதிக் காப்பாளரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.